பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு குடும்பம்

எலூத்தேரியோவைத் திட்டாமல் நான் ஒரு நாளும் வண்டியில் ஏற்றியதில்லை. மனுஷன் அப்படி. வாசலில் நின்று ஹாரன் அடித்தால், தெருவிலுள்ள நாயெல்லாம் குரைத்து ஓய்ந்த பிறகுதான் அந்த டிரெய்லர் வீட்டுக் கதவு திறக்கும். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையை பெல்ட்டுக்குள் செருகி, ஏதோ ஞானஸ்நான விருந்துக்குப் போகிறவர் மாதிரி இறங்குவார். போவது ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு. அங்கே யார் சட்டையைப் பார்க்கிறார்கள்? போனதுமே கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

“என்ன தோன் எலூ, பொண்ணு பாக்கவா போறோம்?”

“இந்தக் காலை வச்சுக்கிட்டுப் போனா எவன் பொண்ணு குடுப்பான், தோனா டென்ச்சா? யானைன்னு சர்க்கஸ்ல வேணா சேத்துப்பான்.”

பின் சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாது என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்னால் கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதில் எல்லாம் தெரியும் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

என் பெயர் ஓர்த்தென்சியா. ஊரே டென்ச்சா என்றுதான் கூப்பிடும்; மரியாதைக்கு முன்னால் ஒரு தோனா, ஆண்களுக்கென்றால் தோன். டெக்சஸின் தெற்கு ஓரத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பழைய வேன் ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறேன். எனக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் உண்டு, லைசென்ஸ் உண்டு. இல்லாதவர்கள் போலீஸ் நிறுத்துமோ என்ற பயமில்லாமல் வெங்காயக் கொட்டகைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், ஆஸ்பத்திரிக்கும் போய்வர என்னைக் கூப்பிடுவார்கள். பெட்ரோலுக்குக் கொடுப்பதைக் கொடுப்பார்கள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் நடந்து போகட்டும்.

எலூத்தேரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரர், ஹுவாஸ்தேகா பக்கத்து ஆள். நாலு பக்கமும் பச்சையாக, மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர் என்பார். மகள் நெரெய்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய சமயத்தில் காகிதமில்லாமல் ஆற்றைத் தாண்டி வந்தவர். கூரை வேலை. கொளுத்துகிற வெயிலில் கூரை மேல் முட்டி போட்டுத் தார் ஓடு அடிக்கிற வேலை. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் தலை மேல் அவர் கை பட்டிருக்கிறது. தாகத்துக்குச் சோடா. இடுப்பு வலிக்குச் சனிக்கிழமைச் சந்தையில் ஒருத்தி விற்கும் மாத்திரை. வலி அதிகமானால் அவளே ஊசியும் போட்டுவிடுவாள். டாக்டரைப் பார்க்கக் காப்பீடு வேண்டும், காப்பீட்டுக்குக் காகிதம் வேண்டும். சந்தைக்காரி எதையும் கேட்பதில்லை. உடம்பில் சர்க்கரை ஏறி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கூரையிலிருந்து இறங்கும்போது ஏணியிலேயே கண் இருட்டியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது இரண்டு கிட்னியும் முடிந்திருந்தன. “இத்தனை வருஷமா ஏன் வரலை?” என்று டாக்டர் கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: “காய்ச்சல் எதுவும் வரலையே.”

கிட்னி போனவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷின் இருக்கிறது. அதிலும் எங்கள் ஊரில் இரண்டு விதம். காகிதம் உள்ளவர்களுக்கு வாரத்தில் மூன்று முறை, சாய்வு நாற்காலி, கம்பளி, டிவி. காகிதம் இல்லாதவர்களுக்குச் சாகப்போகும்போது மட்டும். அதைத்தான் சட்டம் எமர்ஜென்சி என்கிறது. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பொட்டாசியம் போதுமான அளவு ஏறியிருந்தால், அல்லது நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தால், மெஷினில் போடுவார்கள். இல்லையென்றால், “இன்னும் மோசமானதும் வாங்க” என்று நர்ஸ் நல்ல ஸ்பானிஷில், ரொம்ப மரியாதையாகச் சொல்லி அனுப்புவாள். வடக்கே பெரிய நகரத்தில் எல்லோருக்குமே ஒழுங்காக மெஷின் கொடுக்கும் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். போகிற வழியில் குடியேற்றப் போலீஸ் சாவடி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு வடக்கு என்பது அந்தச் சாவடியோடு முடிந்துவிடும்.

இதனால் வாராவாரம் ஒரே கூட்டம் ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் சேரும். உள்ளே போவதற்கு முன் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் மூத்தவளான காஸ்துலா என்ற பருத்த பெண்மணி, ஒவ்வொருவரையும் பேன்ட்டைச் சுருட்டச் சொல்லி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துவாள். வீங்கிய சதையில் குழி விழும். யாருடைய குழி நிரம்ப நேரம் எடுக்கிறதோ அவர் வரிசையில் முதலில். மெஷின் குறைவு என்பதால் டாக்டர்களுக்கு முன்பே இவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. மாவு அரைக்கும் கடையில் வரிசைக்கு அடித்துக்கொள்ளும் அதே ஜனங்கள்தான்.

சீக்கிரம் மெஷின் கிடைக்க இன்னொரு வழியும் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் ஆரஞ்சு ஜூஸ் வண்டி. பெரிய டம்ளரில் இரண்டு குடித்து, கூடவே வாழைப்பழமும் தின்றால் பொட்டாசியம் ஜிவ்வென்று ஏறும். கணக்கு சரியாக இருந்தால் மெஷின். கொஞ்சம் தப்பினால் இதயம் நின்றுவிடும். தோட்ட வேலை செய்த ஒருவர் டம்ளர் கையில் இருக்கும்போதே எங்கள் கண்முன்னால் சரிந்தார். எலூத்தேரியோ அந்த வண்டிப் பக்கம் போனதே இல்லை.

“சாவைக் காட்டி வைத்தியம் கேக்கறது பிச்சையைவிடக் கேவலம்,” என்பார்.

“இஸ்திரிச் சட்டை பேசுது பாரு,” என்று காஸ்துலா கிண்டல் செய்வாள்.

அவருடைய டிரெய்லர் வீடு ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால், பழைய டயர்க் குவியல்களுக்கு நடுவே இருந்தது. வேலை போனபின் வீடு மெல்ல மெல்லச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் முதலில் கோழி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள், பிறகு போனில் கேட்டார்கள், பிறகு அதுவும் இல்லை. குற்றம் சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் விடிந்தால் கூரை. அவர் மனைவி சொந்த ஊரிலேயே இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அடக்கத்துக்குப் போகவில்லை. போனால் திரும்ப முடியாது, திரும்பாவிட்டால் மகளின் படிப்புக்கு யார் அனுப்புவது? அடக்கத்தைப் போனில்தான் கேட்டாராம், மண் விழுகிற சத்தம் வரைக்கும். இதை ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னார். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

மீதி இருந்தது நெரெய்தா ஒருத்திதான். அப்பா அனுப்பிய பணத்தில் படித்து, ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். இவர் அப்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். பஞ்சர் கடையின் காற்று மெஷினும் சுத்தியல் சத்தமும் நன்றாக உள்ளே வரும்.

“ஞாயித்துக்கெழமை கூடவா வேலைப்பா?”

“ஓவர்டைம்மா. கேக்கலை? பசங்க அடிச்சிட்டிருக்காங்க.”

தனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மகளிடம் மூச்சே விடவில்லை. நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்!

“பெத்த பொண்ணு. சொல்லித் தொலைங்களேன்.”

“சொன்னா வீட்டை வித்துருவா.”

ஊரில் அவர் பணத்தில் கட்டிய வீடு அது. ஒரு ஓடு கூட அவர் கையால் வேய்ந்ததில்லை, போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அவர் ஊர்க்காரன் ஒருவனுக்கு அங்கே இதே நோய் வந்தது. வீட்டார் மெஷினுக்காக முதலில் மாட்டை விற்றார்கள், பிறகு நிலத்தை, கடைசியில் கூரையை. ஆளும் போனான், வீடும் போனது. “என் வாழ்க்கைன்னு மிச்சம் இருக்கறது அந்த வீடுதான், தோனா டென்ச்சா. அதையும் நான் குடிச்சிட்டுப் போகணுமா?” என்று கேட்டார். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாதா படத்தை வண்டியின் முன்னாலேயே ஒட்டிவைத்திருப்பவள் நான், எப்படி மறுப்பது?

வசந்தம் பிறந்த சமயம் ஒரு நாள் ஹாரன் அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். முகமெல்லாம் பல்.

“நெரெய்தாவுக்கு விசா குடுத்துட்டான்!”

முன்பு இரண்டு தடவை மறுத்திருந்தார்கள். இப்போது பள்ளி டீச்சர்கள் எல்லோருமாகப் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி எங்கள் ஊருக்குத் துணிமணி வாங்க வருகிறார்கள், அவளும் வருகிறாள். சனிக்கிழமை காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு பகல்தான். நடை பழகிய குழந்தையாக விட்டு வந்தவளை இருபத்தேழு வயசில் பார்க்கப் போகிறார்.

“அவ முன்னாடி நான் மூச்சு வாங்காம நடக்கணும். ஷூ மாட்டணும். சந்தை முழுக்க அவளோட சுத்தணும்,” என்றார். “வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவர் போட்ட திட்டம் எளிதானது. வியாழக்கிழமை மெஷின் கிடைத்துவிட்டால் உடம்பில் உள்ள நீரெல்லாம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை அசதி தீரும். சனிக்கிழமை ஆள் புதுசாக இருப்பார். பழைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்தார். முடி வெட்டிக்கொண்டார்.

அங்கேதான் சறுக்கினார். மகளுக்காக உடம்பைத் தேற்றுகிறேன் என்று, ஆஸ்பத்திரியில் எப்போதோ சொன்ன பத்தியத்தை அந்த வாரம் அப்படியே பிடித்துக்கொண்டார். பீன்ஸ் இல்லை, தக்காளி இல்லை, முலாம்பழம் இல்லை. வெறும் சோறு, முட்டையின் வெள்ளை. தண்ணீருக்குப் பதில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது. வியாழக்கிழமை கார் நிறுத்தத்தில் காஸ்துலா அவர் காலை அழுத்திப் பார்த்தாள். கட்டைவிரலை எடுத்ததும் குழி பாதி மூடிக்கொண்டது. அவள் முகம் மாறியது.

“என்ன தின்னீங்க இந்த வாரம்?”

“பத்தியம்.”

“அட முட்டாள் மனுஷா,” என்றாள். “உங்களை யாரு நல்லா இருக்கச் சொன்னது?”

அவள் பயந்ததுதான் நடந்தது. பிற்பகல்வரை உட்கார வைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தான். ரிசல்ட் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பத்தியத்தை இப்படியே தொடரச் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்!

“நல்லா இருக்கார்னா அவருக்கு மூச்சு ஏன் வாங்குது?”

“இது இன்னும் எமர்ஜென்சி இல்லை, சென்யோரா.”

“சனிக்கிழமை அவர் பொண்ணு வருது. இருபத்தாறு வருஷம் கழிச்சு. அது எமர்ஜென்சி இல்லையா?”

பாவம், அவன் காது சிவந்துவிட்டது. “என் கையில இருந்தா நான் போடுவேன்,” என்று மெதுவாகச் சொன்னான். “என் கையில இல்லை.” யார் கையில் இருக்கிறது என்று நானும் இந்த ஊரில் பல வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எலூத்தேரியோவே போன் செய்து கூப்பிட்டார். போனபோது பஞ்சர் கடை முன்னால் நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. அன்றைக்கு நான் திட்டவில்லை, அதிலிருந்தே எனக்குப் பயம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு முந்தின முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஜூஸ் வண்டிக்குப் போய், நின்ற இடத்திலேயே ஒன்று குடித்தார், இரண்டு குடித்தார். பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“வேண்டாய்யா! வீங்கின காலோடவே போய்ப் பாருங்க. அவ உங்க காலையா பாக்க வர்றா?”

“அவ டீச்சர். பாத்ததும் கேப்பா. கேட்டா நான் அழுதுருவேன். அழுதா சொல்லிருவேன்.” கையை விடுவித்துக்கொண்டார். “ஒரு நாளைக்குத்தானே, கொமாத்ரே. ஒரே ஒரு நாளைக்கு.”

கொமாத்ரே என்று அதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. நாங்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானப் பெற்றோராக நின்றவர்கள் அல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் மறுபடி அவர் கையைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மெஷின் கிடைத்தது, கேட்காமலேயே கிடைத்தது. எமர்ஜென்சியில் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாலைந்து பேர் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் காஸ்துலாவும் ஜெபமாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வந்து சொன்னார்கள்: பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறோம், திங்கட்கிழமைக்கு முன் எழுந்திருக்கக்கூடாது. காஸ்துலா பெருமூச்சு விட்டாள். எனக்கு அழுகை வந்தது. பிழைத்ததற்கா, சனிக்கிழமைக்கா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆக, சனிக்கிழமை சந்தைக்கு நான் போனேன். அவசர வேலையாக வெளியூர் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லும்படி அவர் நர்ஸின் போனிலிருந்து கெஞ்சியிருந்தார். நான் சரி என்று சொல்லிவிட்டு, அவளை வண்டியில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என்று மனசுக்குள் முடிவெடுத்திருந்தேன். சத்தியத்தை மாதாவிடம் நான் பேசித் தீர்த்துக்கொள்வேன்.

சோளம் வாட்டும் கடைக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே நெற்றி. அதே படிய வாரிய தலை. இஸ்திரி போட்ட மேல்சட்டை. கையில் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. நான் அவசர வேலைக் கதையைச் சொன்னேன். வண்டியில் ஏற்றும்வரைக்குமாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமே. அவள் குறுக்கே பேசவில்லை. தன் வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

“சென்யோரா,” என்றாள். “அப்பாவுக்கு இங்க வேற குடும்பம் இருக்கா?”

நான் வாயைப் பிளந்தேன்.

“எங்க ஊர்ல பாதிப் பேரோட அப்பாவுக்கு இருக்கு. எனக்குக் கோபம் இல்ல. ஆனா ரெண்டு மூணு வருஷமா அவர் பேசறது சரியில்ல. ஏதோ மறைக்கிறார். பணமும் கொறைஞ்சு போச்சு, அப்பறம் நின்னே போச்சு. நான் சின்னப் பொண்ணு இல்லையே. உண்மையைச் சொல்லுங்க, போதும்.”

சோளக்கடைக்காரியிடம் அவளை உட்காரவைத்துவிட்டு, பாத்திரக் கடைக்குப் பின்னால் போய் நர்ஸுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“யோவ், உங்க பொண்ணு உங்களுக்கு ரெண்டாவது குடும்பம் இருக்கான்னு கேக்கறா! நான் உண்மையைச் சொல்லிக் கூட்டிட்டு வரப்போறேன்.”



“ஆமான்னு சொல்லுங்க,” என்றார்.

“என்னது?”

“இருக்குன்னு சொல்லுங்க. குடும்பம் இருந்தா மனுஷன் நல்லா இருக்கான்னு அர்த்தம். கோபப்படுவா. படட்டும். கோபப்பட்டா வீட்டை விக்க மாட்டா.”

“அவ உங்களைக் காறித் துப்புவா.”

“உயிரோட இருக்கற அப்பனைத்தானே துப்புவா.” அவருக்கு மூச்சு திணறியது. “கொமாத்ரே. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முகத்தில் அறைந்தாற்போல மறுத்திருப்பேன். அன்றைக்கு அவர் குரலில் இருந்தது வேறு. சாகப்போகிறவர் குரல் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போனேன்.

“ஆமா,” என்றேன். “இருக்கு.”

அவள் தலையை ஆட்டினாள். “பிள்ளைங்க?”

இதற்கெல்லாம் யார் தயார் செய்துகொண்டு வந்தார்கள்? “ஒண்ணு. பையன்.”

“பேரு?”

“ரூட்டிலியோ.” செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயர். வாயில் அதுதான் வந்தது.

“என்ன வயசு?”

“ஏழு.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நெரெய்தா மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப அம்மா உயிரோடதான் இருந்தாங்க,” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் என்னைத் துடைப்பத்தால் அடித்திருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பஸ் கிளம்புவதற்கு இன்னும் பாதிப் பகல் இருந்தது. அவள் அப்போதே போய் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஏறுவதற்கு முன் மூட்டையை என் கையில் கொடுத்தாள். வாழையிலையில் வெந்த மாவும் இறைச்சியும், அவர்கள் ஊர்ப் பக்குவம், இன்னும் இளஞ்சூடு இருந்தது. ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். “அப்பாவுக்கு இது பிடிக்கும்,” என்றாள். பிறகு, “அந்தப் பையனுக்கும் ஒரு துண்டு குடுங்க.”

மிளகாயும் இறைச்சியும் உப்பும் சேர்ந்த அதை எலூத்தேரியோ தொட்டால் மறுபடி அதே படுக்கைதான். அவருக்கு வாசனை கூடக் காட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்து நானே தின்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே. ரொம்ப நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமைக்கு மேல் அவர் வீடு திரும்பினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், ஏழு வயசையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அவ எப்படி இருந்தா?” என்றுதான் கேட்டார். நெற்றி உங்கள் நெற்றி என்றேன். உயரம்? உங்கள் தோளுக்கு வருவாள் என்றேன். தன் தோளில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கோடை வந்தது, வெங்காயம் முடிந்து முலாம்பழம் தொடங்கியது, போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஜன்னலைத் திறந்துவைத்து, மேஜை மேல் போனை வைத்து, எதிரில் உட்கார்ந்திருப்பார். காற்று மெஷின் இரைந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்க மறுபக்கம் யாரும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் கார் நிறுத்தத்துக்கு வருவார். மெஷின் கிடைத்த வாரமும் உண்டு, கிடைக்காத வாரமும் உண்டு. சட்டையை இஸ்திரி போடுவதை விட்டுவிட்டார். ஹாரன் அடித்ததும் வந்துவிடுவார். திட்டுவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

“போன் பண்ணிச் சொல்லிடுங்க. எல்லாம் பொய்யின்னு சொல்லுங்க,” என்றேன் ஒரு நாள்.

“வீடு இருக்கில்ல,” என்றார். “அவ அதுக்குள்ளதான் இருக்கா. கோபமா இருக்கா, ஆனா உள்ளதான் இருக்கா.”

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஸ்துலா கொடுத்துவிட்ட உப்பில்லாத சோற்றை அவருக்குக் கொண்டுபோயிருந்தேன். தட்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர் அதைக் கையில் எடுத்தார், நழுவி விழுந்தது, எடுத்து எதையோ தட்டியதில் ஸ்பீக்கர் வேறு திறந்துகொண்டது.

“அப்பா.”

“நெரெய்தா. அம்மாடி.”

“நான் ரொம்ப யோசிச்சேம்பா. உங்க மேல கோபம் போகலை. பொய் சொல்ல மாட்டேன், போகலை. ஆனா என் கிளாஸ்ல ஏழு வயசுப் பசங்க இருக்காங்க. தெனமும் பாக்கறேன். அவன் என்ன பண்ணுவான்? அவன் ஒண்ணும் செய்யலையே. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. இருக்கான்னு தெரிஞ்ச பிறகு அவன் குரல் எப்படி இருக்கும்னுதான் யோசிக்கிறேன். அவனைக் குடுங்க. ரூட்டிலியோவைக் குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் கரண்டியோடு நின்றேன். சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

“அவன் வெளிய விளையாடிட்டு இருக்கான்மா.”

“கூப்பிடுங்க. நான் லைன்ல இருக்கேன்.”

அவர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து கதவைத் திறந்தார். வெளியே வெயிலும் டயர்க் குவியல்களும்தான் இருந்தன. வாசற்படியில் நின்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார்.

“ரூட்டிலியோ! டேய், ரூட்டிலியோ! வா, அக்கா பேசறா!”

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.